கிரேக்கர் வைத்த பெயர்கள்



என்னுடைய அப்பாச்சியின் பெயர் என்னவென்பது அவர் கண்மூடிய அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. அப்பொழுது எனக்குப் பத்து வயதிருக்கும். வானொலிக்கு மரண அறிவித்தல் கொடுப்பதற்காக ஐயா ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். பெரியப்பா அருகிலிருந்து முறைகளைச் சொல்லச் சொல்ல, இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று வரிகள் நீண்டன. அந்த வரிகளுக்கெல்லாம் மேலே எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. "இது ஆர் ஐயா?" என்று கேட்டேன். ஐயா என்னைச் சற்று நேரம் பார்த்தார். "உன்ர அப்பாச்சியடா" என்றார்.

மறுநாட் காலை எங்கள் ஒழுங்கையிலிருந்த வானொலிப் பெட்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் அந்தப் பெயரை உச்சரித்தன. எல்லோருக்கும் ஆச்சியாகவும் மாமியாகவும் குஞ்சியம்மாவாகவும் வாழ்ந்து முடித்த ஒருத்தியின் சொந்தப் பெயர், ஊரார் காதில் உரக்க விழுந்தது அன்றுதான்.

கிரேக்கப் பெயர்களைப் பற்றிப் பேச வந்தவன் அப்பாச்சியைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. பெயர்களின் பொருளை அகராதியைப் புரட்டி எவரும் சொல்லிவிடலாம். அந்தப் பெயர்களைச் சூட்டிய மக்கள் பெயரிலிருந்து எதை எதிர்பார்த்தார்கள், யாருடைய பெயரை ஒலிக்கவிட்டார்கள், யாருடைய பெயரை ஒலிக்கவிடாமல் அடக்கினார்கள் என்பது அகராதியில் இல்லை. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கேட்கப்படுவதே புகழ்

கிரேக்கப் பெயர்களின் உலகத்துக்குள் நுழைவதற்கு ஒரு திறவுகோல் உண்டு. அது 'கிளியோஸ்' என்ற சொல். புகழ் என்பது அதன் பொருள். ஆனால் வேர்ப்பொருள் அதைவிட நுட்பமானது. கேட்டல் என்னும் பொருளுள்ள வினையடியில் பிறந்த சொல் அது. வடமொழியின் 'சுரு' என்ற வினையடியோடு இது ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பர் மொழியியலாளர். நாம் நாள்தோறும் வழங்குகின்ற சுருதியும் சிரவணமும் அந்த அடியில் வந்தவையே. ஆகவே, கிரேக்கனுக்குப் புகழ் என்பது பிறர் காதில் விழுவது. ஒருவன் இறந்த பின்னரும் அவன் பெயரை யாரோ ஒருவர் சொல்ல, வேறு யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் அவன் புகழுடன் இருக்கிறான். சொல்வார் இல்லையென்றால் அவன் இல்லை.

இந்தச் சொல்லைத் தங்கள் பிள்ளைகளின் பெயர்களுக்குள்ளேயே பொதிந்து வைத்தார்கள் கிரேக்கர். பெரிக்கிளிஸ் என்றால் புகழால் சூழப்பட்டவன். சோபோகிளிஸ் என்றால் அறிவினால் புகழ்பெற்றவன். தெமிஸ்தோகிளிஸ் என்றால் அறத்தின் புகழ். மாவீரன் ஹெராக்கிளிஸ் பெயருக்கு ஹீரா தேவியின் புகழ் என்று பொருள். அவனை வாழ்நாள் முழுவதும் வாட்டி வதைத்தவள் அந்த ஹீராதான் என்பது புராணத்தின் குறும்பு.

இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டியவை. நம் மொழியின் தொகைநிலைத் தொடரைப் போன்றவை என்று சொன்னால் உங்களுக்கு எளிதில் விளங்கும். டெமொஸ் என்றால் மக்கள், ஸ்தெனொஸ் என்றால் வலிமை. இரண்டும் சேர்ந்தால் டெமொஸ்தெனிஸ், மக்களின் வலிமை. அரிஸ்டோஸ் என்றால் மிகச் சிறந்தது, தெலொஸ் என்றால் இலக்கு, சேர்ந்தால் அரிஸ்டோட்டில். நிக்கே என்றால் வெற்றி, லாவொஸ் என்றால் மக்கள், சேர்ந்தால் நிக்கொலாவொஸ். நத்தார் தாத்தாவின் கதைக்கு மூலமான புனித நிக்கொலசின் பெயர் இதுதான். காப்பது என்ற வினையும் மனிதன் என்ற சொல்லும் சேர்ந்ததே அலெக்சாந்தர். மனிதரைக் காப்பவன் என்று பெயர்கொண்டவன் எத்தனை நகரங்களை அழித்தான் என்பதை வரலாறு சொல்லும்.

இரு சொற்களால் ஆன பெயரைத் திருப்பிப்போட்டாலும் பெயர்தான். ஹோமரின் இலியட் காவியத்தில் அக்கிலீசின் உயிர்த்தோழன் பெயர் பத்ரோகுளொஸ். பத்ரொஸ் தந்தையைக் குறிப்பது, கிளியோஸ் புகழ். அதே காவியத்தில், போருக்குப் போக மறுத்திருக்கும் அக்கிலீசுக்கு முதியவர் ஒருவர் பழங்கதை ஒன்றைச் சொல்லுகிறார். அந்தக் கதையில் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் கிடக்கும் வீரனைப் போருக்கு எழுப்புபவள் அவன் மனைவி. அவளுடைய பெயர் கிளியோபாட்ரா. பத்ரோகுளொசைத் திருப்பிப்போட்டால் கிளியோபாட்ரா. இருவர் பெயருக்கும் தந்தையின் புகழ் என்பதே பொருள். பின்னர் பத்ரோகுளொஸ்தான் அக்கிலீசின் கவசத்தை அணிந்து களத்துக்குப் போகிறான். அவன் மரணமே அக்கிலீசை எழுப்புகிறது. காவியம் பாடிய புலவன் பெயர்களை எவ்வளவு விழிப்போடு கையாண்டிருக்கிறான் என்பதற்கு இது ஒன்றே போதும். எகிப்தின் கடைசி அரசியை மட்டுமே கிளியோபாட்ராவென்று அறிந்த நமக்கு, அந்தப் பெயர் அவளுக்கு முன் எத்தனையோ நூற்றாண்டுகள் வாழ்ந்தது என்பது புதிய செய்தியாக இருக்கலாம்.

குதிரையும் சிக்கனமும்

குழந்தை பிறந்து சில நாட்களில் அதனை வீட்டு அடுப்பங்கணப்பைச் சுற்றித் தூக்கிச் செல்வது ஏதென்ஸ் வழக்கம். பத்தாம் நாள் விருந்து வைத்துப் பெயர் சூட்டுவர். நம்மவர் முப்பத்தோராம் நாள் செய்வதைப் போன்றது இது. நம் வீடுகளில் அன்றைய தினம் நடக்கும் பிணக்குகளும் அங்கே நடந்திருக்கின்றன. அரிஸ்டோபனிஸ் கி.மு. 423இல் மேடையேற்றிய 'மேகங்கள்' என்ற நகைச்சுவை நாடகம் இதற்குச் சாட்சி.

ஸ்ட்ரெப்சியாடிஸ் என்பவன் நாட்டுப்புறத்தான். மணந்ததோ பட்டணத்துப் பெரிய இடத்துப் பெண்ணை. மகன் பிறந்ததும் பெயரில் சண்டை. பெயரில் 'ஹிப்போஸ்', அதாவது குதிரை இருக்கவேண்டும் என்பது தாயின் பிடிவாதம். சாந்திப்பொஸ், காரிப்பொஸ், கலிப்பிடிஸ் என்று அவள் அடுக்குகிறாள். குதிரை வளர்ப்பது செல்வந்தர் செயல். குதிரைப் பெயர் குடிப்பெருமை. தகப்பனோ தன் தந்தையின் பெயரான பெய்டொனிடிஸ் என்பதையே வைக்கவேண்டும் என்கிறான். சிக்கனக்காரன் மகன் என்பது அதன் பொருள். கடைசியில் சமாதானம் பிறக்கிறது. இரண்டையும் ஒட்டிப் பெய்டிப்பிடிஸ் என்று வைக்கிறார்கள். குதிரைச் சிக்கனன் என்று தமிழிற் சொல்லலாம்! வளர்ந்த பிள்ளை சிக்கனத்தை விட்டுவிட்டுக் குதிரையைப் பிடித்துக்கொள்கிறான், தகப்பன் கடன்காரனாகிறான். நாடகமே அங்கேதான் தொடங்குகிறது.

தகப்பன் விரும்பியது வெறும் சிக்கனத்தை அன்று. பாட்டன் பெயர் பேரப்பிள்ளைக்கு வரவேண்டும் என்ற பழைய வழக்கத்தை அவன் காக்க நினைத்தான். முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை வைப்பது கிரேக்கரிடையே அன்றும் இருந்தது. இன்றும் பல குடும்பங்களில் இருக்கிறது. பெரிக்கிளிசின் தந்தை சாந்திப்பொஸ். பெரிக்கிளிசின் மூத்த மகனும் சாந்திப்பொஸ். இதனை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. பெயரன் என்ற சொல்லே பேரன் என்றாயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் கருத்து. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் பாட்டனையும் பேரன் என்றே சொல்வோம். பெயரைக் கொடுத்தவனுக்கும் பெயரைப் பெற்றவனுக்கும் ஒரே சொல். கிரேக்க மொழி இதனை ஒரு வழக்கமாக வைத்திருந்தது. தமிழ் இதனை ஒரு சொல்லாகவே ஆக்கிவிட்டது.

பெயரை ஒளித்தவனும் உரத்துச் சொன்னவனும்

பெயர் ஒருவனுக்கு என்ன செய்யும் என்பதை ஹோமரின் ஒடிசி காவியத்தைப் போல விளக்கிய நூல் வேறில்லை. ஒடிசியசுக்குப் பெயர் வைத்தவன் தாயைப் பெற்ற பாட்டன் ஒட்டொலிக்கொஸ். தாதி குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்துப் பெயரொன்று சொல்லுமாறு கேட்கிறாள். அவனோ ஊரெல்லாம் பகை தேடியவன். தன் வாழ்வில் நிறைந்திருந்த சினத்தையே சொல்லாக்கி, ஒடிசியஸ் என்று பெயரிடுகிறான். அந்தப் பிள்ளை பின்னாளில் கடற்கடவுளின் சினத்தைச் சுமந்துகொண்டு அலையப்போகிறது என்பது அந்தப் பாட்டனுக்குத் தெரியாது. காவியம் கேட்பவருக்குத் தெரியும்.

ஒற்றைக்கண் அரக்கன் பொலிபெமொசின் குகையில் அகப்பட்டபோது ஒடிசியஸ் தன் பெயர் 'யாருமில்லை' என்று சொல்லுகிறான். கண்ணை இழந்த அரக்கன் அலறக் கேட்டு ஓடிவந்த அயலவர், உன்னைத் துன்புறுத்துவது யார் என்று வினவ, யாருமில்லை என்று அவன் கத்துகிறான். அயலவர் போய்விடுகிறார்கள். பெயரை மறைத்ததனால் உயிர் தப்பியது. கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் மரக்கலத்தில் ஏறித் தப்பிப் போகும் வேளையில் ஒடிசியசினால் பொறுக்க முடியவில்லை. தோழர்கள் தடுக்கத் தடுக்க, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் உரத்துச் சொல்லுகிறான். செய்த செயல் பெயரில்லாமல் போனால் அதற்குப் புகழ் ஏது? கேட்ட அரக்கன் அதே பெயரையும் அதே தகப்பன் பெயரையும் அதே ஊரையும் சொல்லித் தன் தந்தையான கடற்கடவுளிடம் முறையிடுகிறான். சாபத்துக்கு விலாசம் கிடைத்துவிட்டது. தோழர் அனைவரையும் இழந்து, நெடுங்காலம் கழித்து, பிறர் கலத்தில் ஒருவனாக அவன் ஊர் திரும்புகிறான்.

உயிரா பெயரா என்றால் உயிரைக் காக்கப் பெயரைத் துறக்கலாம். ஆனால் பெயரின்றி வாழ முடியாது. இதுவே ஒடிசியசின் கதை.

அவன் மகன் பெயர் தெலமாக்கொஸ். தொலைவிலே போரிடுபவன் என்று பொருள். தொலைவிலே போரிட்டவன் மகன் அல்லன், தகப்பன். ட்ரோய் நகரத்து ஹெக்டர் தன் மகனுக்கு ஆற்றின் பெயரால் ஸ்கமந்திரியொஸ் என்று பெயரிட்டான். நகரத்து மக்களோ அஸ்தியானக்ஸ், நகரத்தின் தலைவன், என்று அழைத்தார்கள். நகரைத் தனியொருவனாகக் காத்துநின்ற தகப்பனுக்கு ஊரார் செய்த மரியாதை அது. நகரம் வீழ்ந்தபோது, நகரத்தின் தலைவன் என்ற பெயரைச் சுமந்த அந்தச் சிறு குழந்தையை அந்த நகரத்தின் மதிலிலிருந்தே வீசிக் கொன்றார்கள். யூரிப்பிடிஸ் கி.மு. 415இல் எழுதிய 'ட்ரோய் நாட்டுப் பெண்கள்' நாடகத்தில், அந்தப் பிள்ளையைத் தகப்பனின் கேடயத்தில் கிடத்தி அடக்கம் செய்ய ஆயத்தம் செய்கிறாள் அவன் அப்பாச்சி.

ஓட்டில் எழுதிய பெயர்

காவியத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். ஏதென்ஸ் நகரத்தவர், ஒருவருடைய செல்வாக்கு அளவு மீறுகிறது என்று அஞ்சினால், வாக்களித்து அவரைப் பத்து ஆண்டுகளுக்கு நாடு கடத்தலாம். வாக்குச் சீட்டு உடைந்த பானை ஓடு. அதில் வெளியேற்றப்பட வேண்டியவரின் பெயரைக் கீறவேண்டும். அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவிலுள்ள கிணறொன்றில் 1937இல் சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்தோகிளிஸ் பெயர். எழுத்தை ஆராய்ந்தவர்கள் 14 பேரின் கைகளே அத்தனையையும் எழுதியதாகக் கண்டார்கள். முன்கூட்டியே எழுதி வைத்து, வாக்களிக்க வந்தவர்களின் கையில் திணிப்பதற்காகத் தயாரித்தவை போலும். தேர்தல் தந்திரங்களுக்கு வயது அதிகம்!

தெமிஸ்தோகிளிசின் தந்தை பெயர் நெயோகிளிஸ், புதுப்புகழ். அறத்தின் புகழ், புதுப்புகழின் மகன் என்று இரண்டு முறை புகழைச் சொல்லும் பெயரை ஓட்டிலே கீறித்தான் அவரை வெளியேற்றினார்கள். கிரேக்கத்தைப் பாரசீகரிடமிருந்து காத்தவர் பாரசீக மன்னனிடமே அடைக்கலம் புகுந்து இறந்தார்.

அரிஸ்டிடிஸ் என்பவரைப் பற்றிப் புளூட்டார்க் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கி.மு. 482இல் நடந்த வாக்களிப்பில், எழுதத் தெரியாத ஒருவன் ஓட்டை நீட்டி, அரிஸ்டிடிஸ் என்று எழுதித் தரும்படி கேட்கிறான். கேட்கப்பட்டவர் அரிஸ்டிடிசேதான். அவர் உனக்கு என்ன தீங்கு செய்தார் என்று வினவுகிறார். ஒன்றுமில்லை, ஆளையே தெரியாது. நீதிமான் நீதிமான் என்று எங்கும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்கிறான் அவன். அவர் மறுமொழி சொல்லாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். புகழ் என்பது காதில் விழுவது என்றேன் அல்லவா? அதுவே சிலருக்குக் காதுக் குத்தலாகவும் ஆகிவிடுகிறது.

பெயர் அற்றவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் பெயருள்ளவர்களின் கதை. ஓடிசி காவியத்தில் அரசன் ஒருவன், பெற்றோரால் பெயரிடப்படாத மனிதர் எவரும் இல்லை என்கிறான். ஆனால் கிரேக்க நகரங்களின் சந்தையில் அது உண்மையாக இருக்கவில்லை.

கி.மு. 414இல் ஏதென்ஸ் அரசு, சமயக் குற்றம் சாட்டப்பட்ட சிலரின் சொத்துகளைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விற்றது. அந்தக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கற்களின் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. அதில் கெபிசோடொரொஸ் என்பவனுடைய அடிமைகள் பதினாறு பேரின் பட்டியல் வருகிறது. உரிமையாளனின் பெயருக்குக் கெபிசொஸ் நதியின் கொடை என்பது பொருள். அடிமைகளுக்கோ பெயரே இல்லை. திரேசியப் பெண், 165 திராக்மா. திரேசிய ஆண், 170. சிரிய ஆண், 240. காரியச் சிறு குழந்தை, 72. நாட்டின் பெயரும் விலையும் போதும் என்று எழுத்தன் நினைத்துவிட்டான். அந்தக் குழந்தையையும் ஒரு தாய் தன் மொழியில் ஏதோ ஒரு பெயர் சொல்லி அழைத்திருப்பாள்.

பிளேட்டோவின் 'கிராட்டிலொஸ்' என்ற உரையாடல் பெயர்களைப் பற்றியது. பெயருக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு உண்டா, அல்லது நாம் வைத்ததுதான் பெயரா என்பது அங்கே கேள்வி. அதில் வரும் ஹெர்மொகெனிஸ் என்பவனிடம், ஊரெல்லாம் அழைத்தாலும் அது உன் பெயராகாது என்று கிராட்டிலொஸ் கேலி செய்கிறான். ஹெர்மிஸ் வாணிபத்துக்குரிய கடவுள். ஹெர்மிசின் வழித்தோன்றல் என்று பெயர் வைத்துக்கொண்டு கையில் காசில்லாமல் இருக்கிறாயே என்பது உட்பொருள். வைத்ததுதான் பெயர் என்று வாதிடும் ஹெர்மொகெனிஸ் அதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறான். நம் அடிமைகளின் பெயரை மாற்றுகிறோம்; மாற்றிய பெயர் பழையதைவிடப் பொருத்தத்திற் குறைந்ததா என்கிறான். தத்துவ வாதத்துக்கு நல்ல உதாரணம்தான். பெயர் மாற்றப்பட்டவனை யாரும் கேட்கவில்லை.

பெண்களின் நிலை வேறு விதமானது. அவர்களுக்குப் பெயர் இருந்தது. பொதுவிடத்தில் ஒலிக்கக்கூடாது என்றிருந்தது. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேசியவர்கள் உயிருடனிருக்கும் நற்குடிப் பெண்ணைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதைத் தவிர்த்தார்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்பார்கள். எனக்கு ஐயாவின் கொப்பித் தாள் நினைவுக்கு வருகிறது. போரில் இறந்தோருக்காகப் பெரிக்கிளிஸ் நிகழ்த்தியதாகத் துசிடைடிஸ் எழுதிவைத்த இரங்கலுரை உலகப் புகழ் பெற்றது. அதன் இறுதியில் கைம்பெண்களுக்கு ஓர் அறிவுரை. புகழ்ச்சியாகவோ இகழ்ச்சியாகவோ ஆண்களின் பேச்சில் மிகக் குறைவாக அடிபடுவதே பெண்ணுக்குப் பெருமை என்பது அதன் சாரம். பெருமைக்கு அங்கே ஆளப்பட்ட சொல் எது தெரியுமா? கிளியோஸ். கேட்கப்படாமல் இருப்பதே பெண்ணுக்குக் கேட்கப்படும் புகழ் என்கிறார் புகழால் சூழப்பட்டவர்!

அந்தப் பெரிக்கிளிசின் முடிவைப் பாருங்கள். பெற்றோர் இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்ற சட்டத்தைக் கி.மு. 451இல் கொண்டுவந்தவர் அவர். பின்னர் மிலேத்தொஸ் நகரத்துப் பெண்ணான அஸ்பாசியாவோடு வாழ்ந்தார். அஸ்பாசியா என்றால் விரும்பி வரவேற்கப்படுபவள். ஏதென்ஸ் முழுவதும் வாய்க்கு வாய் பேசப்பட்ட பெண்ணின் பெயர் அது. நகைச்சுவைப் புலவர்கள் அதைப் பழித்துப் பாடினார்கள். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். சட்டப்படி அவன் குடியல்லன். கி.மு. 430இல் கொள்ளைநோய் வந்தது. பாட்டன் பெயரைத் தாங்கிய சாந்திப்பொஸ் இறந்தான். இளையவன் பராலொசும் இறந்தான். தன் பெயரும் குடியும் வாரிசின்றி அழிந்துபோகாமல் இருக்கத் தன் சட்டத்துக்கே விலக்குத் தரும்படி அந்த மாமனிதர் மக்களிடம் இரந்து நின்றார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். மக்கள் இரங்கினார்கள். அஸ்பாசியாவின் மகனைக் குலப் பதிவிற் சேர்த்துத் தன் பெயரையே சூட்ட அனுமதித்தார்கள். அவனும் பெரிக்கிளிஸ் ஆனான். கி.மு. 429இல் தகப்பன் இறந்தார். பெயர் தப்பியது. அது தப்பியது பேசப்படக்கூடாத ஒரு பெண்ணின் மகனால்.

தமிழுக்கு வந்த பெயர்கள்

கிறிஸ்தவம் பரவியபோது பழைய பெயர்கள் அழிந்துவிடவில்லை. டெமெத்தர் என்ற தானியத் தேவதைக்கு உரியவன் என்று பொருள்படும் டெமெத்ரியொஸ், தெசலோனிக்கா நகரின் பாதுகாவலரான புனிதரின் பெயராயிற்று. தேவதை போய்ப் பெயர் நின்றது. உயிர்த்தெழுதல் என்ற சொல்லிலிருந்து அனஸ்தாசியா, வெள்ளிக்கிழமையிலிருந்து பரஸ்கெவி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிரியாக்கி என்று புதிய பெயர்களும் பிறந்தன. நிலத்தை உழுபவன் என்ற எளிய சொல்லே கெயோர்கியொஸ், நம் ஜோர்ஜ். குதிரையை நேசிப்பவன் பிலிப்பொஸ், நம் பிலிப்பு. ஓரிடத்தில் நாம் பெயரை அப்படியே எடுக்காமல் பொருளை எடுத்துக்கொண்டோம். ஸ்தெபனொஸ் என்றால் முடி. ஆகவேதான் அந்தப் புனிதரை முடியப்பர் என்றோம். நம் கரையோரக் கிராமங்களில் முடியப்பு என்று அழைக்கப்படும் முதியவர், தன் பெயர் கிரேக்கத்தின் தூய தமிழாக்கம் என்பதை அறிந்திருப்பாரோ என்னவோ!

ஒட்டோமான் ஆட்சியின் கீழ் இருந்த கிரேக்கரிடையே, விடுதலை வேட்கை முளைத்த காலத்தில், பெயர் மீண்டும் ஒரு போர்க்களமாயிற்று. சின்ன ஆசியக் கரையிலிருந்த கிதோனியெஸ் நகரக் கல்லூரி மாணவர் சிலர் 1817இல் தங்களிடையே பண்டைய கிரேக்கமே பேசுவதென உறுதிபூண்டு, பண்டைய வீரரின் பெயர்களைத் தமக்குச் சூட்டிக்கொண்டார்கள். 1819இல் கொன்ஸ்தாந்திநோபிள் திருச்சபைத் தலைவர் ஐந்தாம் கிரிகோரி, ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளுக்குப் பழைய கிரேக்கப் பெயர்களை வைக்கும் புதுமையைக் கண்டித்துச் சுற்றுநிருபம் விடுத்தார். இரண்டு ஆண்டுகளில், 1821இல், விடுதலைப் போர் மூண்டது. இன்று இரு வகைப் பெயர்களும் ஒரே தெருவில் வாழ்கின்றன. கிரேக்கத்துக்கு இலக்கிய நோபல் பரிசு இரண்டு முறை கிடைத்தது. 1963இல் பெற்ற செபெரிசின் பெயர் யோர்கொஸ், உழவன். 1979இல் பெற்ற எலிதிசின் பெயர் ஒடிசெயஸ்.

அழைப்பதற்கென்றே ஒரு வடிவம்

கிரேக்கர் பிறந்த நாளைவிடப் பெயர் நாளையே பெரிதாகக் கொண்டாடி வந்தவர்கள். டிசம்பர் 6 புனித நிக்கொலசின் நாள். அன்று அந்தப் பெயருள்ள எல்லோருக்கும் திருநாள். பல்லாண்டு என்று வாழ்த்துவார்கள். உறவினர் வீடு தேடி வருவார்கள். ஒரே பாட்டனின் பெயரைத் தாங்கிய மச்சான்மார் நால்வர் ஒரு வீட்டில் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்பதும் உண்டு.

அவர்களை அழைக்கும் விதம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பெயர் நிக்கொஸ், ஆனால் கூப்பிடும்போது நிக்கோ. கடைசி ஒலி உதிர்ந்துவிடும். அலெக்சாந்திரொஸ் அலெக்சாந்திரே ஆவான். இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. கண்ணன் கண்ணா ஆவதை விளி வேற்றுமை என்று எட்டாவதாக வைத்தார்கள் நம் முன்னோர். இன்றைய மொழிகள் பலவற்றில் இந்த வடிவம் மறைந்துவிட்டது. அவர்கள் மொழியிலும் நம் மொழியிலும் மறையவில்லை. பெயருக்கு எழுதுவதற்கு ஒரு வடிவம், அழைப்பதற்கென்றே வேறொரு வடிவம். மரண அறிவித்தலில் முதல் வடிவம்தான் வரும். இரண்டாவது வடிவத்துக்கு, அழைக்க ஒருவரும் திரும்பிப் பார்க்க ஒருவரும் வேண்டும்.

எங்கள் மகள் பிறந்தபோது என் மனைவி கேட்டாள், என்ன பெயர் வைப்போம் என்று. புதுமையான பெயர்ப் பட்டியல் ஒன்று எங்களிடம் இருந்தது. நான் அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு அப்பாச்சியின் பெயரைச் சொன்னேன். பழைய பெயராக இருக்கிறதே என்றார்கள் சிலர். பழைய பெயர்தான். ஆனாலும் அந்தப் பெயரை வாழ்க்கையில் எவரும் விளி வேற்றுமையில் அழைத்ததை நான் கேட்டதில்லை. இப்பொழுது எங்கள் வீட்டில் நாளுக்கு நூறு முறை அது ஒலிக்கிறது. அவள் சில வேளை திரும்பிப் பார்க்கிறாள். சில வேளை கேளாதவள் போல ஓடிவிடுகிறாள்.